எடை குறைக்கும் சாப்பாட்டில் இறால், நண்டு, கணவாய்: வாங்குவதிலிருந்து தட்டு வரை

டயட் சீட்டில் ‘மதியம்: இறால் 100 கிராம்’ என்று ஒரே வரியில் எழுதிக் கொடுத்துவிடுவார்கள். தலையோடு 100 கிராமா, உரித்த பிறகா? பச்சையாகவா, வெந்த பிறகா? எதுவும் இருக்காது. மார்க்கெட்டுக்குப் போனால் அங்கே கூறு கட்டி வைத்திருக்கிறார்கள். கூறு இவ்வளவு ரூபாய், அவ்வளவுதான். வீட்டிலோ நான்கு பேருக்கு ஒரே சட்டியில் தொக்கு. இந்த மூன்றையும் ஒன்றோடொன்று பொருத்தத் தெரியாமல் பல மாதம் திண்டாடியிருக்கிறேன். புதிதாக ஆரம்பிப்பவர்கள் அந்தத் திண்டாட்டம் இல்லாமல் நேராக வேலையைத் தொடங்கட்டும் என்றுதான் இதை எழுதுகிறேன்.

ஒன்றை மட்டும் மனதில் வைத்துக்கொண்டு மேலே படியுங்கள். இறாலில் கலோரி குறைவு. அதோடு சட்டியில் சேருகிற எண்ணெய், தேங்காய், தட்டில் சேருகிற சோறு இந்த மூன்றில்தான் கணக்கு உதைக்கும்.

1. ரத்தப் பரிசோதனைச் சீட்டு கையில் இருக்கட்டும்

கொலஸ்ட்ரால், யூரிக் அமிலம், கிரியேட்டினின் (சிறுநீரகம் எப்படி வேலை செய்கிறது என்று காட்டுவது), மூன்று மாதச் சர்க்கரை அளவு (ஹெச்பிஏ1சி) ஆகிய நான்கும் உள்ள சமீபத்திய ரிப்போர்ட் வேண்டும். சர்க்கரை, ரத்த அழுத்தம் இரண்டையும் அரசு ஆரம்ப சுகாதார நிலையத்திலேயே காசில்லாமல் பார்த்துக்கொள்ளலாம். மற்றவற்றுக்குத் தனியார் லேபில் தனித்தனியாகச் செய்வதைவிட பேக்கேஜாகக் கேட்டால் மலிவு. ஆனால் எழுபது பரிசோதனை, எண்பது பரிசோதனை என்று நீட்டுவார்கள். இந்த நான்கு இருக்கிறதா என்று மட்டும் பார்த்து, சின்ன பேக்கேஜாக எடுங்கள்.

ரிப்போர்ட்டில் பார்க்க வேண்டியவை:

யூரிக் அமிலம் ஏறியிருந்தாலோ, கால் கட்டைவிரல் மூட்டு வீங்கி வலித்த அனுபவம் இருந்தாலோ, டாக்டரைக் கேட்காமல் இறால், நண்டு, மட்டி எதையும் திட்டத்தில் சேர்க்காதீர்கள். சிறுநீரகக் கோளாறு உள்ளவர்களுக்கும் அப்படியே. அவர்களுக்குப் புரதத்தின் அளவே வேறு.

கொலஸ்ட்ரால் பற்றிய பயம் பெரும்பாலும் தேவையைவிட அதிகம். 100 கிராம் பச்சை இறாலில் 160 மில்லிகிராம் போலவும், கணவாயில் 230 போலவும் கொலஸ்ட்ரால் இருப்பது உண்மை. ஆனால் இறாலில் நிறைவுற்ற கொழுப்பு இல்லை என்றே சொல்லிவிடலாம். பெரும்பாலானவர்களுக்கு ரத்தக் கொலஸ்ட்ராலை ஏற்றுவதில் அந்தக் கொழுப்புக்குத்தான் பெரிய பங்கு. அமெரிக்க அரசின் உணவு வழிகாட்டியே நாளைக்கு 300 மில்லிகிராம் என்ற உச்சவரம்பை 2015 பதிப்பில் எடுத்துவிட்டது. சர்க்கரை நோயோ இதய நோயோ உள்ளவர்கள், மாத்திரை சாப்பிடுபவர்கள் மட்டும் டாக்டரிடம் வாரத்துக்கு எத்தனை தடவை என்று நேராகக் கேட்டுவிடுங்கள்.

அடுத்து ஒவ்வாமை. ‘கரப்பான் பண்டம் (அரிப்பு, தடிப்பைக் கிளப்பும் உணவு), உனக்கு ஆகாது’ என்று பாட்டி சின்ன வயதில் தடுத்திருந்தால் அதைச் சிரித்து ஒதுக்காதீர்கள். எதற்காகத் தடுத்தார் என்று கேளுங்கள். உதடு அரித்தது, தடிப்பு வந்தது, மூச்சு இழுத்தது என்று பதில் வந்தால் அது ஒவ்வாமையாக இருக்கலாம். இறால், நண்டு இரண்டிலும் உள்ள டிரோபோமயோசின் என்ற புரதம்தான் பலருக்கு வினை. நன்றாக வேகவைத்தாலும் அது போகாது. ‘கொஞ்சமாகச் சாப்பிட்டுப் பார்க்கலாம்’ என்று வீட்டில் சோதிக்க வேண்டாம். தொண்டை அடைப்பது போல இருந்தால் உடனே 108.

2. உணவியல் நிபுணரிடம் போகும்போது கொண்டுபோக வேண்டியவை

ரிப்போர்ட், சாப்பிடும் மாத்திரைச் சீட்டு, மூன்று நாள் சாப்பாட்டுக் குறிப்பு. மூன்றில் ஒன்று ஞாயிற்றுக்கிழமையாக இருக்கட்டும். இல்லையென்றால் அந்தக் குறிப்பே பொய்.

இன்னொன்றையும் எழுதிக்கொண்டு போங்கள். யாரும் கேட்க மாட்டார்கள், ஆனால் மிகவும் பயன்படும். வீட்டில் மாதம் எத்தனை லிட்டர் எண்ணெய் ஆகிறது, எத்தனை பேர் சாப்பிடுகிறீர்கள்? நான்கு பேருக்கு 3 லிட்டர் என்றால் ஆளுக்கு நாளொன்றுக்கு 25 மில்லி, அதாவது 200 கலோரி. அதே நான்கு பேருக்கு 5 லிட்டர் ஆகிறதென்றால் டயட்டை எங்கே தொடங்குவது என்று அந்த எண்ணே சொல்லிவிடும்.

அவரிடம் இரண்டு எண்களை வாங்கிக்கொண்டு வாருங்கள்: நாளுக்கு எத்தனை கலோரி, எத்தனை கிராம் புரதம். சாதாரணமாக உடல் எடையில் கிலோவுக்கு 0.83 கிராம் புரதம் என்பது இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகத்தின் (ஐசிஎம்ஆர்) கணக்கு. எடை குறைக்கும்போது தசை கரையாமல் இருக்க 1 முதல் 1.2 கிராம் வரை பலர் சொல்வார்கள். 70 கிலோ ஆளுக்கு 70 முதல் 84 கிராம். இட்லி, சாம்பார், பொரியல் என்று போகும் நம் சாப்பாட்டில் அந்த அளவை எட்டுவது சிரமம். இறாலும் கணவாயும் கைகொடுப்பது அங்கேதான்.

3. ஒரு கிலோவில் எவ்வளவு தேறும்?

செலவுக் கணக்கும் கலோரிக் கணக்கும் இங்கேதான் புரளும். கீழே உள்ளவை ஏறக்குறைய:

இறால்: தலை, ஓடு போனால் பாதி தேறும். பொடி இறாலில் பாதிக்கும் குறைவு. உரித்த பச்சை இறால் 100 கிராமுக்கு 85 கலோரி, 20 கிராம் புரதம், அரை கிராம் கொழுப்பு.

நண்டு: மூன்றில் ஒரு பங்கு தேறினால் நல்ல நண்டு. சதை 100 கிராமுக்கு 85 கலோரி, 18 கிராம் புரதம்.

கணவாய்: முக்கால் பங்குக்குச் சற்றுக் குறைவாகத் தேறும். 100 கிராமுக்கு 92 கலோரி, 15 கிராமுக்கு மேல் புரதம். சென்னையில் கடம்பா என்று கேட்டால் கிடைப்பது ஊசிக்கணவாய். அதில் வீண்போவது குறைவு.

மட்டி: கிலோவுக்கு 150 கிராம் சதை தேறுவதே பெரிது. சத்து நிறைய, வேலை அதைவிட நிறைய.

இனி ரூபாய்க் கணக்கு. விலை ஊருக்கு ஊர், நாளுக்கு நாள் மாறும் என்பதால் ஒரு பேச்சுக்கு வைத்துக்கொள்வோம். உரிக்காத இறால் கிலோ 400 என்றால் சாப்பிடும் இறால் 100 கிராம் 80 ரூபாய். கணவாய் கிலோ 350 என்றால் 100 கிராம் 50 ரூபாய். நண்டு கிலோ 500 என்றால் 100 கிராம் சதை 150 முதல் 170 ரூபாய் வரை போய்விடும். அதே 20 கிராம் புரதத்தை 6 ரூபாய் முட்டையில் எடுத்தால் 20 ரூபாய்தான் ஆகும்.

ஆகவே தினமும் இறால் என்று திட்டம் போட்டால் பாக்கெட்தான் முதலில் இளைக்கும். வாரம் இரண்டு தடவை இறாலோ கணவாயோ, மாதம் ஒன்றிரண்டு தடவை நண்டு, மற்ற நாளில் முட்டை, மீன், கோழி, பயறு. நடுத்தரக் குடும்பத்தில் விட்டுப்போகாமல் ஓடுவது இந்த ஏற்பாடுதான்.

4. எந்த நாள், எந்த மாதம்

ஞாயிறு காலை சென்னையின் காசிமேடு, சிந்தாதிரிப்பேட்டை மீன் மார்க்கெட்டுக்குப் போய் பேரம் பேசலாம் என்று நினைக்காதீர்கள். புதன்கிழமை போங்கள். வெள்ளி, செவ்வாய், கிருத்திகை, அமாவாசை பார்க்கும் வீடுகளில் வாரத்துக்கு அசைவ நாளே இரண்டு மூன்றுதான் இருக்கும். வாரம் இரண்டு தடவை என்ற திட்டத்தை நாள்காட்டியில் குறித்துவைக்காவிட்டால், ‘இந்த வாரம் முடியவில்லை’ என்று ஞாயிற்றுக்கிழமை ஒரே தட்டில் இரண்டு தடவைக்கானதும் வந்து விழும்.

ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள் கிழக்குக் கடற்கரையில் விசைப்படகுகளுக்குத் தடை. கன்னியாகுமரி மாவட்டத்தின் மேற்குக் கரையில் ஜூன் 1 முதல் ஜூலை 31 வரை. இந்தக் காலத்தில் கடல் இறால், கணவாய் விலை ஏறும். நாட்டுப்படகில் வருவது கொஞ்சம் கிடைக்கும். பண்ணையில் வளரும் வனாமி இறால் தடை காலத்திலும் கிடைப்பதால் இந்த இரண்டு மாதத்துக்கு அதை நம்பலாம். சத்தில் சொல்லும்படியான குறை ஒன்றும் இல்லை. ருசியில் கடல் இறால்தான் மேல் என்று சண்டை போடுபவர்கள் போட்டுக்கொள்ளட்டும், நானும் அந்தக் கட்சிதான்.

புரட்டாசியில் வாங்குவோர் குறைவு. உங்கள் வீட்டில் புரட்டாசி பார்க்க மாட்டீர்கள் என்றால் ஃப்ரீசரை நிரப்ப அதுதான் மாதம்.

5. வாங்கும்போது கண் வைக்க வேண்டியவை

கூறாக வாங்கினால் எடை போடச் சொல்லுங்கள். தயங்கினால் நீங்களே ஒரு சின்னத் தொங்கு தராசு கொண்டுபோகலாம், யாரும் தப்பாக நினைப்பதில்லை.

இறால் தலை உடலோடு கெட்டியாக ஒட்டியிருக்க வேண்டும். தலை தொங்கினால், அமோனியா நெடி அடித்தால் வேண்டாம். ஓட்டில் சிறு கறுப்புப் புள்ளி இருந்தாலே கெட்டுவிட்டது என்று பொருளில்லை. மோந்து பார்த்து முடிவு செய்யுங்கள்.

நண்டை உயிரோடு வாங்குவது உத்தமம். வயிற்றுப் பக்க ஓட்டை அழுத்திப் பாருங்கள். உள்ளே அமுங்கினால் அது அண்மையில் ஓடு கழற்றிய தண்ணி நண்டு. சதை இருக்காது, வேகவைத்தால் நீர்தான் மிஞ்சும். ஒரே அளவில் இரண்டு நண்டைக் கையில் ஏந்தினால் கனமானதை எடுங்கள். ‘அமாவாசை நண்டுதான் சதை, பௌர்ணமி நண்டு வெறும் கூடு’ என்று விற்கும் அக்காக்களே சொல்வார்கள். நாள் பார்ப்பதைவிட அழுத்திப் பார்ப்பதை நம்புங்கள்.

மட்டி, சிப்பி வகைகள் தண்ணீரை வடிகட்டி வாழ்பவை. சாக்கடையும் ஆலைக்கழிவும் கலக்கும் கழிமுகத்தில் பிடித்தவற்றை மலிவு என்று வாங்க வேண்டாம். எங்கே பிடித்தது என்று சொல்லத் தெரியாத இடத்தில் மட்டியே வேண்டாம். வாய் திறந்து கிடப்பதைத் தட்டினால் மூட வேண்டும். வேகவைத்த பிறகும் வாய் திறக்காததை எறிந்துவிடுங்கள்.

உரித்த இறால் பாக்கெட் வாங்குபவர்களுக்குப் பொறி மூன்று. ஒன்று, ஐஸ் படலம். வீட்டில் உருக்கி, வடித்து, எடை போட்டுப் பாருங்கள். பாக்கெட்டில் போட்ட நிகர எடையோடு ஒத்துப்போகாவிட்டால் அடுத்த முறை பிராண்டை மாற்றுங்கள். இரண்டு, பாஸ்பேட் கரைசலில் ஊறிய இறால். கண்ணாடி போல மினுக்கும், வாணலியில் போட்டதும் நுரைத்து ஏராளமாகத் தண்ணீர் விடும். காசு தண்ணீருக்குப் போகிறது, உப்பும் கூடுகிறது. பொருள் பட்டியலில் ஐஎன்எஸ் 451 என்று (ஐஎன்எஸ் என்பது உணவில் சேர்க்கும் பொருளுக்கான குறியீட்டு எண்) இருந்தால் அதுதான். மூன்று, ஐஎன்எஸ் 223. இறால் கறுக்காமல் இருக்கச் சேர்க்கும் சல்பைட். ஆஸ்துமா உள்ளவர்கள் தவிர்ப்பது நல்லது. உணவுப் பாதுகாப்பு ஆணையத்தின் 14 இலக்க எஃப்எஸ்எஸ்ஏஐ எண் இல்லாத பாக்கெட்டைத் தொடவே வேண்டாம். 31/40 என்று போட்டிருப்பது ஒரு பவுண்டுக்கு எத்தனை இறால் என்ற எண்ணிக்கை. எண் கூடக்கூட இறால் பொடிசு.

6. உரித்து, அளந்து, பங்கு பிரிப்பது

மார்க்கெட்டிலேயே கொஞ்சம் காசு கொடுத்தால் சுத்தம் செய்து தருவார்கள். வாங்கியபோது எவ்வளவு, உரித்த பிறகு எவ்வளவு என்று அங்கேயே இரண்டு எடையையும் குறித்துக்கொள்ளுங்கள். முதுகில் உள்ள கறுப்புக் குடலையும் எடுக்கச் சொல்லுங்கள். சொல்லாவிட்டால் எடுக்க மாட்டார்கள்.

வீட்டுக்கு வந்ததும் உரித்த இறாலை 120 கிராம் பங்குகளாகப் பிரித்து, ஒவ்வொன்றையும் தனிக் கவரில் தட்டையாகப் பரப்பி, தேதி எழுதி ஃப்ரீசரில் வையுங்கள். 120 கிராம் என்றால் 102 கலோரி, 24 கிராம் புரதம். ஓர் ஆளுக்கு ஒரு வேளைக்கு இது போதும். ஒன்றிரண்டு மாதத்துக்குள் தீர்த்துவிடுங்கள். சமைக்கும் முந்தைய இரவு கீழ்த்தட்டுக்கு மாற்றினால் காலையில் தயார். ஒருமுறை உருகியதை மறுபடி உறையவைக்க வேண்டாம். ஃப்ரீசரில் வைக்காமல் சாதாரண ஃப்ரிட்ஜில் வைத்தால் மறுநாளே சமைத்துவிடுங்கள்.

எடையை எப்போதும் உரித்த பிறகு, வேகும் முன் போடுங்கள். வெந்தால் கால் பங்கு எடை குறையும். வெந்த இறாலுக்கான கலோரியைப் பச்சை இறாலின் எடையோடு பெருக்குவதுதான் மொபைல் ஆப் வைத்து எழுதுபவர்கள் பெரும்பாலும் செய்யும் பிழை. ஆப்பில் தேடும்போது ‘பச்சை’ என்று இருப்பதைத் தேர்ந்தெடுங்கள். சமையல் தராசு ஒன்று சில நூறு ரூபாய்தான். இந்த முழுத் திட்டத்திலும் கட்டாயமாக வாங்க வேண்டிய ஒரே கருவி அது.

7. அடுப்பில்

கால் கிலோ உரித்த இறாலில் 210 கலோரி. அதைத் தொக்காக்க நான்கு டேபிள்ஸ்பூன் நல்லெண்ணெய் ஊற்றினால் எண்ணெய் மட்டும் 480. மேலே ஒரு கை தேங்காய் அரைத்து விட்டால், துருவல் 50 கிராமுக்கு 175. இறால் தொக்கு என்ற பெயரில் சட்டியில் இருப்பதில் முக்கால் பங்கு கலோரி இறாலில் இல்லை.

செய்ய வேண்டியது இது. எண்ணெயை பாட்டிலிலிருந்து சாய்க்காமல் டீஸ்பூனில் அளந்து ஊற்றுங்கள். ஆளுக்கு ஒன்றரை டீஸ்பூன். சோம்பு, கறிவேப்பிலை தாளித்து, வெங்காயத்தோடு உப்பைப் போட்டு மூடி வைத்தால் அது விடும் தண்ணீரிலேயே வதங்கும். அடிப்பிடித்தால் இன்னொரு சுற்று எண்ணெய் வேண்டாம், ஒரு கை தண்ணீர் தெளியுங்கள். தக்காளி, மிளகாய்த்தூள், மல்லித்தூள், பச்சை வாசனை போனதும் இறாலைக் கடைசியாகப் போட்டு மூன்று நிமிடம். இறால் வளைந்து வெளுத்துச் சிவந்ததும் அடுப்பை அணைத்துவிடுங்கள். வட்டமாகச் சுருண்டுவிட்டால் ரப்பர்தான். ரப்பரான இறாலை ‘ருசியே இல்லை’ என்று மறுபடி எண்ணெயில் வறுப்பதுதான் வழக்கமான அடுத்த கட்டம்.

கணவாய்க்கும் இதே விதி, இன்னும் கறாராக. இரண்டு நிமிடம், இல்லையென்றால் மூடி வைத்து அரை மணி நேரம். இரண்டுக்கும் நடுவில் நிறுத்தினால் பல்லுக்கு வேலை.

குடும்பத்தோடு சமைக்கும்போதுதான் உண்மையான சிக்கல். மற்றவர்களுக்குத் தேங்காய் வேண்டும், உங்களுக்கு வேண்டாம். தனியாக இன்னொரு சட்டி வைக்கச் சொன்னால் இரண்டு வாரத்தில் வீட்டில் சலித்துவிடும். மசாலா வதங்கி இறால் வெந்ததும், தேங்காய் விழுது ஊற்றும் முன் உங்கள் பங்கைத் தனிக் கிண்ணத்தில் எடுத்துவிடுங்கள். ஒரே சமையல், இரண்டு முடிவு. இறாலோடு முருங்கைக்காய், சுரைக்காய், கத்தரிக்காய் சேர்த்தால் கிண்ணமும் நிறையும்.

நண்டுக்கு ரசம். மிளகு, சீரகம், பூண்டு தட்டிப் போட்டு, புளி கொஞ்சமாக, ஒரு டீஸ்பூன் எண்ணெய் போதும். அரை கிலோ நண்டில் தேறும் 150 கிராம் சதையில் 130 கலோரிதான். ஒவ்வொரு காலாகக் கடித்து, உறிஞ்சி, ஓட்டுக்குள் விரல் விட்டு எடுத்துச் சாப்பிட முக்கால் மணி நேரம் ஆகும். சோற்றைப் பிசைந்துகொண்டே தின்னாமல் முதலில் நண்டை முடியுங்கள். அதற்குள் பசி பாதி அடங்கியிருக்கும்.

8. தட்டில்

120 கிராம் இறால், ஒன்றரை டீஸ்பூன் எண்ணெய், வெங்காயம் தக்காளி, 150 கிராம் சோறு, ஒரு கிண்ணம் கீரை, ரசம். எல்லாம் சேர்த்து 500 கலோரிக்குள், புரதம் 30 கிராமுக்கு அருகில். 150 கிராம் சோறு எவ்வளவு என்று ஒருமுறை தராசில் போட்டுப் பார்த்து, வீட்டிலுள்ள ஒரு கிண்ணத்தை அளவாக வைத்துக்கொள்ளுங்கள். குழம்பு ருசியாக இருக்கும் நாளில் இரண்டாவது முறை சோறு கேட்கும் கை உங்களுடையதுதான். அதனால் சட்டியைச் சாப்பிடும் இடத்தில் வைக்காதீர்கள்.

சென்னாக்குன்னி (காயவைத்த பொடி இறால்), இறால் கருவாடு இரண்டும் புரதத்தில் கெட்டி, உப்பிலும் கெட்டி. வெந்நீரில் ஊறவைத்து இரண்டு மூன்று முறை அலசுங்கள். சமையலில் மறுபடி உப்பு சேர்க்காதீர்கள். ரத்த அழுத்தம் இருந்தால் இது உங்களுக்கானது இல்லை.

ஓட்டலில் இறால் 65, கடம்பா ஃப்ரை, நண்டு லாலிபாப் ஆகிய மூன்றிலும் மாவும் எண்ணெயும் சேர்ந்தே வரும். மாவில் தோய்த்துப் பொரித்த இறால் 100 கிராமுக்கு 240 கலோரிக்குப் போய்விடும், பச்சை இறாலைப்போல மூன்று மடங்குக்குக் கொஞ்சம் குறைவு. நண்டு சூப், தவாவில் சுட்ட இறால், மிளகு போட்டுப் புரட்டிய கணவாய் கேளுங்கள். ‘எண்ணெய் கம்மியா’ என்று சொன்னால் பெரும்பாலும் செய்து தருவார்கள்.

9. எடை பார்க்கும் நாள்

ஞாயிறு நண்டு சாப்பிட்டுவிட்டுத் திங்கள் காலை எடைமெஷினில் ஏறாதீர்கள். உப்பு பிடித்துவைத்த தண்ணீரால் அரை கிலோ, சிலருக்கு ஒரு கிலோவரை கூடக் காட்டும். இரண்டு நாளில் இறங்கிவிடும். அதைப் பார்த்துப் பதறி இறாலையே நிறுத்துபவர்கள் உண்டு. வாரம் ஒருமுறை, ஒரே கிழமை, காலையில் வெறும் வயிற்றில் பாருங்கள். அசைவம் ஞாயிறும் புதனும் என்றால் சனிக்கிழமை தோது.

வாரத்துக்கு அரை கிலோ குறைந்தால் திட்டம் சரியாகப் போகிறது. நான்கு வாரம் நகரவே இல்லையென்றால் இறால் பங்கைக் குறைக்காதீர்கள். முதலில் எண்ணெய் ஸ்பூனை எண்ணுங்கள், அடுத்து சோற்றுக் கிண்ணத்தை மறுபடி தராசில் வையுங்கள். இரண்டும் சரியாக இருந்தும் எடை அசையவில்லை என்றால் குறிப்பேட்டை எடுத்துக்கொண்டு நிபுணரிடம் போங்கள். தைராய்டு பரிசோதனை எழுதித் தரச் சொல்லிக் கேளுங்கள். மூன்று மாதம் முடிந்ததும் கொலஸ்ட்ரால், யூரிக் அமிலம் இரண்டையும் அதே லேபில் மறுபடி எடுத்து, பழைய ரிப்போர்ட்டோடு சேர்த்து டாக்டரிடம் காட்டுங்கள். வாரம் இரண்டு தடவை என்பதை அப்படியே தொடரலாமா, மாற்ற வேண்டுமா என்று அவர் அதைப் பார்த்துச் சொல்வார்.